பதில் விகிதமும் பதிலின்மைச் சார்பும்

பல்கலைக்கழக மாணவர் கருத்தாய்வுகளின் தரம் பெரும்பாலும் எத்தனை விழுக்காட்டினர் பதிலளித்தனர் என்பதைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஆனால் பதிலளித்தோரும் பதிலளிக்காதோரும் கேட்கப்பட்ட பொருளிலேயே வேறுபட்டிருந்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதுவே பதிலின்மைச் சார்பு எனப்படுவது. பதிலளிக்காதோரின் பங்கை இரு சாராரிடையே உள்ள வேறுபாட்டால் பெருக்கினால் அச்சாய்வின் அளவு கிடைக்கும். 1000 பட்டதாரிகளில் 600 பேர் பதிலளித்து, அவர்களில் 80 விழுக்காட்டினருக்கு வேலை இருக்க, எஞ்சிய 400 பேரில் பாதிப்பேருக்கே வேலை இருப்பதாகக் கொண்டால், உண்மை விகிதம் 68 விழுக்காடு மட்டுமே.

மலேசிய உயர்கல்வி அமைச்சின் பட்டதாரி தடமறி ஆய்வு, பட்டமளிப்பு விழாவுக்கு முன் இணையப் படிவத்தை நிரப்பச் செய்வதன் வழி இச்சிக்கலைப் பெரிதும் கடந்திருக்கிறது. பிரிட்டனில் மாணவர் சங்கத்தின் புறக்கணிப்பால் 2017ஆம் ஆண்டின் தேசிய மாணவர் கருத்தாய்வில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் முடிவுகளை வெளியிடத் தேவையான 50 விழுக்காட்டுப் பதில் வரம்பை எட்டாமற்போனதை நோக்கினால், மலேசிய முறையின் வலிமை சிறியதன்று. எனினும் விழாவுக்காகப் படிவத்தை நிரப்புபவர் சம்பளம், பணியின் தன்மை போன்ற வினாக்களைச் சிந்தித்தே நிரப்புவார் என்பதற்கு உறுதியில்லை. படிப்பை இடையில் நிறுத்தியவர்களோ முதலிலிருந்தே கணக்கில் வருவதில்லை. கட்டாயம் பதிலின்மையைக் குறைத்தாலும், பிழையை அது முற்றிலும் போக்குவதில்லை, ஓரளவு இடம் மாற்றுகிறது என்றே கருத வேண்டியுள்ளது.

எஞ்சும் பதிலின்மையை மதிப்பிடப் பாலினம், துறை, சொந்த மாவட்டம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குறைவாகப் பதிலளித்த பிரிவினருக்குக் கூடுதல் எடை கொடுப்பது வழக்கம். ஒரே பிரிவுக்குள் பதிலளித்தவரும் அளிக்காதவரும் ஒத்தவர்கள் என்ற அனுமானம் இதன் அடித்தளம். அவ்வனுமானம் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் மாநிலத்தில் எளிதில் உடைகிறது. குளுவாங் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாலோ போன்ற சிற்றூரைச் சேர்ந்த இரு பட்டதாரிகளில் ஒருவர் உள்ளூரில் வேலை தேடிக்கொண்டிருக்க, மற்றவர் சிங்கப்பூரில் பணியாற்றக்கூடும். பாலினமும் துறையும் மாவட்டமும் ஒன்றாக இருந்தால் எடையிடுதல் இருவரையும் ஒன்றாகவே கொள்கிறது. ஊழியர் சேமநிதிப் பதிவைத் துணைக்கழைத்தாலும் பயன் அரைகுறையே. சிங்கப்பூர் முதலாளியிடம் உழைப்பவருக்கு மலேசிய நிதியில் கட்டாயச் சந்தா இல்லாததால், அவரும் வேலையில்லாதவர்போலத் தோன்றலாம். ஆகவே, எல்லாருக்கும் மேலும் ஒரு நினைவூட்டல் அனுப்புவதைவிட, பதிலளிக்காதோரிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சிறு தொகுதியைத் தேர்ந்து, தொலைபேசியில் விடாது தொடர்ந்து சில வினாக்களை மட்டும் கேட்பதே, செலவு மிகுந்ததாயினும், இரு சாராரிடையே உள்ள வேறுபாட்டை நேரடியாக அளக்கக்கூடிய வழியாகும்.