பன்மொழி இலக்கணச் சோதனைக் கருவியும் செய்யும் என்னும் வாய்பாடும்

1986 டிசம்பரில் பெங்களூரில் நிகழ்ந்த அறிவுப் புலப்பாட்டு மாநாடு வடமொழியை மையமாகக் கொண்டது. வடமொழி இலக்கணத்தார் தொடரை விளக்கும் முறை கணினியின் பொருள்வலைக்கு நிகரானது என ரிக் பிரிக்ஸ் 1985-இல் எழுதிய கட்டுரையே அதற்குத் தூண்டுதல் எனலாம். இயற்கைமொழி எதனையும் நடுவில் நிறுத்தாத வேறொரு வழியை, 1998-இல் பிரான்சின் கிரெனோபிளில் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆர்னே ராந்தா முதலானோர் உருவாக்கிய ‘கிராமட்டிகல் ஃபிரேம்வொர்க்’ முன்வைக்கிறது. இது தனிக்கணினியில் நிறுவிக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருள். கருத்துநிலை இலக்கணம் ஒன்றையும், அதனை ஒவ்வொரு மொழியிலும் வடிவாக்கும் இலக்கணங்களையும் ஆய்வாளரே எழுதவேண்டும். கருவி தொடரைப் பகுத்து, மற்றைய மொழிகளில் ஆக்கித் தரும்.

கருத்துநிலை எம்மொழிக்கும் உரியதன்று என்னும் கூற்று ஆராயத்தக்கது. பெங்களூரில் நாள்தோறும் எதிர்ப்படும் இருமொழிகளைக் கொள்வோம். ‘நாவு பாடிகெ கட்டுத்தேவெ’ என்னும் கன்னடத் தொடர் தமிழில் ‘நாம் வாடகை கட்டுவோம்’ என்றும், ‘நாங்கள் வாடகை கட்டுவோம்’ என்றும் ஆகலாம். (காலம் பற்றிய ஐயம் வேறு.) வாடகையில் கேட்போனுக்கும் பங்கு உண்டா என்பதே இங்கு வேறுபாடு, இன்றைய கன்னடம் இதனை இழந்துவிட்டது. கருத்துநிலை ஆங்கிலத்தை ஒட்டி எழுதப்படின் தன்மைப்பன்மை ஒன்றே அமையும். தமிழுக்கு யாதானும் ஒரு வடிவமே கிட்டும். கருவி இதனைப் பிழையென அறிவியாது. இரண்டும் பிரித்தெழுதப்படின், கன்னடத் தொடருக்கு இருவேறு பகுப்புகளை அதுவே காட்டும். தெரிவை மறைத்து ஒற்றை விடை தரும் இன்றைய நரம்பியல்வலை மொழிபெயர்ப்பிகளினும் இது மேம்பட்டது என்பது என் துணிபு.

மயக்கம் எதிர்த்திசையிலும் உண்டு. ‘வரும் மாடு’, ‘மாடு வரும்’ ஆகியவற்றில் தமிழ்வடிவம் ஒன்றே. கன்னடமோ எச்சத்திற்குப் ‘பருவ’ என்றும், முற்றுக்குப் ‘பருத்ததெ’ என்றும் பிரிக்கிறது. எனவே ஒருவடிவத்திற்கு இருவகைமை எழுதியே தீரவேண்டும். செய்யும் என்பதனைப் பெயரெச்சமாகவும் முற்றாகவும் தொல்காப்பியர் முன்னரே கொண்டுள்ளார். முற்றாகுங்கால் அது பலர்பாலோடும் தன்மை முன்னிலைகளோடும் இயையாது என்னும் வரையறையும் அவரதே. அதன்படி ‘அவன் வரும்’ இலக்கணமுடையது. இக்கால உரைநடையிலோ அஃறிணைக்கே உரியது. இக்காலத் தமிழுக்கென எழுதிய இலக்கணம் ‘அவன் வரும்’ என்பதனை மறுத்தால், அதனைத் தமிழின் மறுப்பாகக் கொள்ளலாகாது. பழந்தமிழுக்குத் தனி வடிவாக்கம் வேண்டும். கருத்துநிலை பொதுவாக இருக்கலாம்.

சோதனைத் தொடர்களைப் பெரும்பாலும் நிரலாளரே தம் பேச்சிலிருந்து தெரிந்துகொள்கின்றனர். சேனாவரையரும் தெய்வச்சிலையாரும் காட்டிய எடுத்துக்காட்டுகள் இன்னும் அக்கோப்புகளில் இடம்பெறவேண்டியவை. அவற்றைத் தொகுத்தளிக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது.