கை மட்டும்தான் குற்றவாளியா?

குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு நாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பங்காரு லட்சுமணன் வழக்கைப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் தென்காசிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து படித்து வந்தவர்கள். கூட வந்திருந்த, பீடி சுற்றும் என் அத்தை கேட்டாள்: “துட்டு கட்சிக்குத்தான் வாங்குனேங்காரு. அப்போ கட்சிய ஏம்ல பிடிக்கல?” எம்.ஏ. படித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன்.

பங்காரு, பாரதிய ஜனதா கட்சியின் முதல் தலித் தலைவர். ஆயுத வியாபாரிகளாக நடித்த பத்திரிகையாளர்களிடம் அவர் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதை 2001 மார்ச்சில் தெஹல்கா படம்பிடித்துக் காட்டியது. தலைவர் பதவி போனது. கட்சி நிதிக்கு வாங்கியதாகச் சொன்னார். 2012 ஏப்ரலில் நான்காண்டுச் சிறைத் தண்டனை. 2014 மார்ச்சில் இறந்துபோனார். அதே ஆண்டு மே மாதம் கட்சி டெல்லியில் ஆட்சியேறியது.

அவரைத் தப்பவைக்க இதை எழுதவில்லை. கை நீண்டது உண்மை. ஆனால் கைக்குப் பின்னால் இருந்த உடம்பை அந்த வழக்கு தொடவே இல்லை.

அவரைத் தண்டித்தது 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. 2018-இல் அந்தப் பிரிவையே மாற்றி எழுதினார்கள். இப்போது அதன்படி, தன் ஆள் லஞ்சம் கொடுத்தால் வணிக நிறுவனமே குற்றவாளி ஆகலாம். கொடுக்கிற கம்பெனிக்கு ஒரு பிரிவு இருக்கிறது. வாங்குகிற கட்சிக்கு இல்லை. வருமான வரிவிலக்கு தரும்போது கட்சியைச் சட்டத்துக்குத் தெரிகிறது. பதிவு செய்யும்போதும் சின்னம் ஒதுக்கும்போதும் தெரிகிறது. கூண்டில் ஏற்றும்போது மட்டும் கண் தெரியாமல் போகிறது.

முதல் முறையாகக் கண் திறந்தது. 2024 மே மாதம் டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அமலாக்கத்துறை ஆம் ஆத்மி கட்சியையே குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்த்தது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 70-ஆவது பிரிவில் ‘கம்பெனி’ என்ற சொல்லுக்குள் தனிநபர்கள் சேர்ந்த சங்கமும் அடங்கும். அந்த வாசலில்தான் கட்சி உள்ளே வந்தது. ஆனால் வாசலைத் திறந்தது மத்திய அரசின் துறை, அகப்பட்டது எதிர்க்கட்சி. சாவி ஆளுங்கட்சியிடம் இருந்தால் நாளைக்குச் சின்னக் கட்சிகள், குறிப்பாக நம் கட்சிகள்தான் முதலில் நொறுங்கும்.

ஆகவே சட்டம் வேண்டும். சாவி அரசிடம் இருக்கக் கூடாது. கட்சிக்காக வாங்கிய பணம் என்று நிரூபணமானால் கட்சியின் நிதி, வரிவிலக்கு, சின்னம் மூன்றும் பதில் சொல்லட்டும். கணக்கை மறைத்த நிர்வாகிகளும் கூண்டில் ஏறட்டும்.

தென்காசி நாடாளுமன்றத் தனித்தொகுதி. இங்கே நிற்கிற முகம் நம்முடையது. பெரிய கட்சிகளின் கஜானாச் சாவியோ நம் கையில் இல்லை. நாளைக்கு நம் பிள்ளை ஒருத்தன் பதவிக்குப் போவான். ‘கட்சிக்கு வாங்கிட்டு வா’ என்று அவனை அனுப்புவார்கள். மாட்டினால், ‘அவன் புத்தி அப்படி’ என்பார்கள். அதையும் சாதியோடு சேர்த்தே சொல்வார்கள். வாங்காதே என்று அவனுக்குச் சொல்லுவோம். அனுப்பியவனையும் கேட்போம்.

அத்தைக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான்: கட்சியைப் பிடிக்க இவர்கள் இன்னும் சட்டம் எழுதவில்லை, அத்தை. எழுத வேண்டியவர்களே கட்சிக்காரர்கள்தான்.