ஏரியைப் பிழை என்று நினைக்கும் மென்பொருள்

பெரிய ராஸ்டர் தரவை அலச, காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 1980களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகத்தில் பிறந்த கிராஸ் ஜிஐஎஸ் இருக்கிறது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிட அதில் முக்கியமான கருவிகள் இரண்டு: ஆர்.டெராஃப்ளோ, ஆர்.வாட்டர்ஷெட். ஏரி மாவட்டம் என்று பேரெடுத்த செங்கல்பட்டை வைத்து இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம், வாங்க.

டெராஃப்ளோ, மெமரியில் அடங்காத கோப்புகளுக்காகவே எழுதப்பட்டது. வட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வேலையை முடிக்கும். பொறியாளனாக எனக்கு அந்த வடிவமைப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது முதலில் செய்கிற காரியமே பள்ளங்களை நிரப்புவதுதான். மேடு சூழ்ந்த பள்ளம் என்றால் தரவுப் பிழை என்று ஒரு அனுமானம். மலைப்பகுதியில் பெரும்பாலும் சரி. மதுராந்தகத்தில்? மேட்டுப் பக்கம் இயற்கைச் சரிவு, தாழ்ந்த பக்கம் கரை. நம்ம ஏரியே திட்டமிட்டுக் கட்டிய பள்ளம்தானே! அதை நிரப்பிவிட்டு, விளிம்பில் எது தாழ்ந்த இடமோ அதன் வழியே தண்ணீரை அனுப்பிவிடும். அந்த இடம் கலங்கலாக இருந்தால் பரவாயில்லை. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உயரமும் முழு மீட்டர்களில்தான். அதில் கரையே பாதி கரைந்துபோகும். கலங்கல் எங்கே தெரியப் போகிறது?

வாட்டர்ஷெட் பள்ளத்தை நிரப்பாது. செலவு குறைந்த வழியைத் தேடும். நிஜப் பள்ளங்கள் எவை என்று நாம் தனி வரைபடம் கொடுக்கலாம். உள்ளூர் அறிவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். கோப்பு பெரிதானால் வட்டைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். குறை வேறு இடத்தில். பள்ளம் என்று குறித்தால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. காய்ந்து கிடக்கும் ஏரிக்கு அது சரி. நவம்பரில் நிரம்பிய ஏரி, கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகுமே? அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

மாமல்லபுரம் பக்கம் வேறு சிக்கல். கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால், கடலுக்கு இணையாக பக்கிங்காம் கால்வாய் போகிறது. மேற்கிலிருந்து வரும் தண்ணீர் அதில் சேர்ந்து, முகத்துவாரம் தேடிப் போக வேண்டும். 30 மீட்டர் கட்டங்களை வைத்து இரண்டு கருவிகளுமே இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது.

என் தீர்ப்பு: இந்த மண்ணுக்கு வாட்டர்ஷெட். ஆனால் இரண்டு தடவை ஓட்டுங்க. முதல் தடவை ஏரிகளைப் பள்ளமாகக் குறித்து. அடுத்த தடவை அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, கரையை உயர்த்தி, கலங்கல், போக்குக்கால், பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் ஆர்.கார்வ் கருவியால் உயரத் தரவில் வெட்டிவிட்டு. முதல் விடையில் தண்ணீர் வராமல் இரண்டாவதில் வருகிற இடங்களைத்தான் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டும். கலங்கலுக்குக் கீழே மனை வாங்கப் போகிறவருக்கு வழவழப்பான நீல வரைபடத்தைவிட இந்த வித்தியாசம்தான் பயன்படும். கலங்கல் எங்கே என்பதை மட்டும் தரவில் தேடாதீங்க. அந்த ஏரிப் பாசனத்தில் நெல் போடுபவரைக் கேட்டால் கைகாட்டுவார்.