திறத்தலும் கேட்டலும்: பிரிவினைக் கதைகளில் மனவடுவும் அதனைக் கேட்போரும்

முன்னுரை

1947ஆம் ஆண்டு நிகழ்ந்த இந்தியப் பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட முகாம், உணவு, நிலம், வீடு ஆகியவை குறித்து அரசு ஆவணங்கள் விரிவாகப் பேசுகின்றன. பெயர்ந்தோரின் உள்ளம் பட்ட பாடு குறித்து அவை பேசுவது அரிது. மனநல மருத்துவத் துறையும் இதுபற்றிப் பல்லாண்டுகள் பெரிதும் மௌனம் காத்தது. சஞ்சீவ் ஜெயின், ஆலோக் சரீன் ஆகிய உளமருத்துவர்கள் பதிப்பித்து 2018இல் வெளிவந்த, பிரிவினையின் உளவியல் தாக்கம் பற்றிய நூல் அம்மௌனத்தைக் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

மருத்துவம் பேசாத காலத்திலேயே இலக்கியம் பேசிவிட்டது. சாதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்', 'கோல் தோ', ராஜிந்தர் சிங் பேடியின் 'லாஜ்வந்தி' ஆகிய மூன்று உருதுக் கதைகளும் பிரிவினையின் கொடுமையைக் காட்டும் கதைகளாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளன. கொடுமைக்குப் பின்னர்ப் பாதிக்கப்பட்டோருக்கு உதவ வந்தவர்கள் யாவர், அவர்கள் எதைச் செய்தனர், எதைச் செய்யத் தவறினர் என்னும் நோக்கில் இக்கதைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புநோக்கிற்காக அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் 'டிராமா' என வழங்கும் கருத்தைக் குறிக்க, ஈழத்து உளமருத்துவ எழுத்துகளில் வழங்கும் 'மனவடு' என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

மெய்ப்பாடும் காண்போரும்

உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்பது தமிழ் மரபு. தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைத்துள்ளார். இவ்வெட்டினைப் பற்றி விரிவாகப் பேசும் ஆய்வுகள் மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவிற்கு உரிய இடம் தருவதில்லை. கண்ணும் செவியும் ஒருங்கே விழிப்புற்ற உணர்வுடையார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என்பது அந்நூற்பாவின் கருத்து. அதாவது, மெய்ப்பாடு என்பது துயருறுபவர் ஒருவரால் மட்டும் நிறைவுறுவதன்று. அதனைக் கண்டும் கேட்டும் உணரும் மற்றொருவரும் அதற்கு வேண்டும். இவ்விரண்டாமவர் இல்லாதபோது நேர்வது என்ன என்பதே மேற்குறித்த மூன்று கதைகளின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

டோபா டேக் சிங்: குறியீடும் நோயாளியும்

பிரிவினைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின், இரு நாட்டு அரசுகளும் மனநோயாளிகளை மதத்தின் அடிப்படையில் பரிமாறிக்கொள்ள முடிவு செய்கின்றன என்பது 'டோபா டேக் சிங்' கதையின் அடித்தளம். இது வெறும் கற்பனையன்று. 1950இல் லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் சுமார் 450 பேர் அமிர்தசரசுக்கு மாற்றப்பட்டனர். மண்ட்டோவும் 1948இல் பம்பாயை விட்டு லாகூருக்குப் பெயர்ந்தவர். குடிப்பழக்கத்திற்கான சிகிச்சைக்காக அந்நகரின் மனநல மருத்துவமனையில் தங்கியிருந்தவர். நோயாளிகளை வெளியிலிருந்து மட்டும் நோக்கிய எழுத்தன்று அவருடையது.

எல்லைக்கோடுதான் பைத்தியக்காரத்தனம், நோயாளிகளோ தெளிந்தவர்கள் என்பதே இக்கதைக்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள். இது தவறன்று, ஆயினும் போதாது. பிஷன் சிங்கை ஒரு நாட்டின் குறியீடாக மட்டும் கொள்ளும்போது, பதினைந்து ஆண்டுகள் உட்காராமல் நின்று கால்கள் வீங்கிய முதியவர் மறைந்துவிடுகிறார். அவருக்கு ரூப் கௌர் என்றொரு மகள் உண்டு என்பதும் மறக்கப்படுகிறது.

கதையின் மையம் எல்லைக் காட்சி என்பது பொதுக்கருத்து. ஊர் நண்பர் ஃபசல்தீன் மருத்துவமனைக்கு வந்து பிஷன் சிங்கைக் காணும் காட்சியே மையம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. குடும்பத்தார் அனைவரும் நலமாக இந்தியா சென்றுவிட்டதாகக் கூறும் ஃபசல்தீன், ரூப் கௌரின் பெயரைச் சொல்லும் இடத்தில் தடுமாறுகிறார்; அவளும் நலமே என்று முடித்துக்கொள்கிறார். அத்தடுமாற்றத்துள் புதைந்திருப்பது எது என்பதை வாசகர் உணர்கிறார். டோபா டேக் சிங் எங்கே உள்ளது என்னும் கேள்விக்கும் அவரால் உறுதியான விடை தர இயலவில்லை. ஃபசல்தீன் தீயவரல்லர்; அன்புடையவர். எனினும் அவர் தருவது நலச்செய்தியின் வடிவிலமைந்த மறைப்பு. மகளைப் பற்றிய உண்மையும் ஊரைப் பற்றிய உண்மையும் ஒரே சந்திப்பில் மறுக்கப்பட்ட பின்னரே பிஷன் சிங் எல்லைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். அவர் இரு நாட்டுக்கும் உரியதல்லாத நிலத்தில் விழுவதை இதனோடு இணைத்தே நோக்குதல் வேண்டும்.

கோல் தோ: கட்டளையாகும் சொல்

1948இல் வெளிவந்த 'கோல் தோ' கதையில் முகாமில் கண்விழிக்கும் சிராஜுத்தீன் தன் மகள் சகீனாவைத் தேடுகிறார். அவளைக் கண்டுபிடித்துத் தருவதாக வாக்களிக்கும் தொண்டர்களே அவளைச் சிதைக்கின்றனர். இக்கதையை வெளியிட்ட 'நுகூஷ்' இதழ் அரசின் தடைக்கு உள்ளாயிற்று.

இறுதிக் காட்சி மருத்துவமனையில் நிகழ்கிறது. காற்று வருவதற்காகச் சன்னலைத் திறக்குமாறு மருத்துவர் கூறுகிறார். உயிரற்றவள் போல் கிடக்கும் சகீனாவின் கைகள் அச்சொல்லைத் தனக்கிடப்பட்ட கட்டளையாகக் கொண்டு ஆடையின் முடிச்சை அவிழ்க்கின்றன. மகள் உயிரோடிருப்பதைக் கண்ட தந்தை மகிழ்ச்சியால் கூவுகிறார். மருத்துவரோ வியர்வையில் நனைகிறார்.

இங்கு மெய்ப்பாடு ஒன்று, காண்போர் இருவர். தந்தை காண்பது உயிர். மருத்துவர் காண்பது வடு. தந்தையின் மகிழ்ச்சியை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. உயிர் எஞ்சியதே போதும் என்னும் நிலையில் உள்ளவர் அவர். துயருதவியின் முதற்கட்டம் முழுவதும் இம்மனநிலையிலேயே இயங்குகிறது. எண்ணிக்கையில் உயிரோடிருப்பவர் காப்பாற்றப்பட்டவராகிறார். மருத்துவரோ நன்னோக்குடன் கூறிய ஓர் அன்றாடச் சொல் பாதிக்கப்பட்டவரின் செவியில் வேறு பொருள் கொள்வதை உணர்ந்துகொள்கிறார். மனவடு என்பது நினைவில் மட்டுமன்றி மொழியிலும் குடிகொள்வது என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கியச் சான்று காண்பது அரிது. அதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல் கோளாறு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது 1980இல்தான் என்பது ஈண்டு நினையத்தக்கது.

லாஜ்வந்தி: வணக்கத்தின் வன்மை

கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்காக இரு நாடுகளும் 1947 டிசம்பரில் உடன்பாடு கண்டன. இந்தியாவில் 1949இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1957 வரை நடைமுறையில் இருந்தது. மிருதுளா சாராபாய் முதலான சமூகப் பணியாளர்கள் இப்பணியில் ஈடுபட்டனர். ஏறத்தாழ 30,000 பெண்கள் மீட்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. திரும்ப விரும்புகிறாரா என அப்பெண்ணைக் கேட்கும் கடமையை அச்சட்டம் எவர்க்கும் விதிக்கவில்லை என்பதை ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன், கமலா பாசின் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வுகள் வெளிப்படுத்தின.

பேடியின் கதைத்தலைவன் சுந்தர்லால் இத்தகைய மறுவாழ்வுக் குழுவொன்றின் செயலாளன். மீட்கப்பட்ட பெண்களை உள்ளத்தில் குடியமர்த்துமாறு ஊரார்க்கு அறிவுறுத்துபவன். தொட்டாற்சுருங்கியின் பெயரைக் கொண்ட அவன் மனைவி லாஜ்வந்தி திரும்பி வருகிறாள். ஒரு காலத்தில் அவளை அடித்தவன், இப்போது தேவி என அழைக்கிறான். அவளைக் கொண்டுசென்றவனைப் பற்றி ஒன்றிரண்டு வினாக்கள் கேட்கிறான். அவள் முழுதும் சொல்ல முற்படும்போது, கடந்ததை மறந்துவிடலாம் என்று தடுத்துவிடுகிறான். அவள் வீட்டில் அமர்த்தப்படுகிறாள். ஆனால் பழைய லாஜோவாக அவளால் ஆக முடியவில்லை.

'கோல் தோ' கதையில் திற என்னும் கட்டளை அழிக்கிறது. 'லாஜ்வந்தி' கதையில் மூடு என்னும் கனிவு அழிக்கிறது. ஒன்றில் வன்முறையும் மற்றொன்றில் வணக்கமும் பெண்ணின் சொல்லைப் பறிக்கின்றன. சுந்தர்லாலைப் போலியென்று கூறுவாருளர். அவன் போலியல்லன், தான் பரப்பும் கொள்கையை உண்மையாக நம்புபவன். மனைவியின் சொல்லைத் தாங்கும் ஆற்றல் மட்டும் அவனுக்கு இல்லை. அவளைத் தெய்வமாக்குவது அவளுக்கான மதிப்பு என்பதைவிட அவனுக்கான காப்பு எனல் பொருந்தும்.

18வது அட்சக்கோடு: எதிர்ப்பக்கத்துச் சாட்சி

1977இல் வெளிவந்த அசோகமித்திரனின் நாவல் ஐதராபாத் சமஸ்தானம் 1948 செப்டம்பரில் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட காலத்தைச் செகந்திராபாத் இளைஞன் சந்திரசேகரனின் வழியே காட்டுகிறது. இறுதியில், வன்முறைக்கு அஞ்சி ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் காக்கும் பொருட்டு இளம்பெண் ஒருத்தி அவன் முன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான்.

சகீனாவின் கைகள் செய்த செயலையே இப்பெண்ணின் கைகளும் செய்கின்றன. ஆயினும் நாவல் நம்மை நிறுத்துவது மருத்துவரின் இடத்தில் அன்று. அச்சத்திற்குக் காரணமான கூட்டத்தைச் சேர்ந்தவனாகக் கருதப்பட்ட ஒருவனின் இடத்தில். அவன் எந்தக் கட்டளையும் இடவில்லை. அவன் வந்து நிற்பதே கட்டளையாகிவிடுகிறது. காண்பவரும் வடுவுறுவர் என்பதும், காண்பவர் எப்பக்கத்தவர் என்பது மெய்ப்பாட்டின் பொருளைத் தீர்மானிக்கும் என்பதும் இந்நாவல் தமிழுக்குத் தந்த உணர்வுகள். உருதுக் கதைகளோடு வைத்து நோக்கும்போதே இதன் முழு வலிமையும் புலனாகிறது.

இன்றைய உளவியல் துணையும் இலக்கியத் திறனாய்வும்

இலக்கியப் பாத்திரங்களை நோயாளிகளாகக் கொள்வது திறனாய்வாகாது என்று மறுப்பவர் உளர். பாத்திரங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்போரின் நிலையை ஆராய்வதே நோக்கம். உலக நலவாழ்வு அமைப்பு பிற நிறுவனங்களுடன் இணைந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு காணுதல், கேட்டல், இணைத்தல் என மூன்று செயல்களை வகுக்கிறது. நேர்ந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்றும், சொல்ல விரும்புபவர்க்குச் செவிகொடுத்தல் வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. சகீனாவிற்கும் லாஜ்வந்திக்கும் மறுக்கப்பட்டவை முறையே இவ்விரண்டுமே. கண்ணையும் செவியையும் இணைத்துக் கூறிய தொல்காப்பிய நூற்பாவும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

1983 முதல் இலங்கைத் தமிழ் அகதிகள் தமிழகத்திற்கு வந்துள்ளனர்; அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் பயில்கின்றனர். ஈழப்போரின் உளத்தாக்கம் குறித்துத் தயா சோமசுந்தரம் எழுதிய ஆங்கில நூல் 1998இலேயே வெளிவந்தது. எனினும் தமிழ்த்துறைகளில் புலம்பெயர்ந்தோர் படைப்புகள் பெரும்பாலும் துயரச் சான்றுகளாகவே பட்டியலிடப்படுகின்றன. மேலும் மேலும் துயரத்தைச் சொல்லுமாறு எழுத்தாளரை எதிர்பார்ப்பது 'திற' என்னும் கட்டளையின் மற்றொரு வடிவம். வீரத்தையோ தியாகத்தையோ மட்டும் போற்றி எஞ்சியதைக் கேளாதிருப்பது சுந்தர்லாலின் வணக்கம். இவ்விரு பிழைகளிலிருந்தும் விலகிய வாசிப்பு முறையை வகுத்தல் திறனாய்வாளரின் கடமையாகிறது.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: பிரிவினைக் கதைகள் வன்முறையை மட்டுமன்றி, வன்முறைக்குப் பிந்தைய உதவியின் குறைபாட்டையும் பதிவு செய்துள்ளன. நண்பர், மருத்துவர், கணவர் ஆகிய மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. நல்லெண்ணம் மட்டும் மனவடுவிற்குத் துணையாகாது. சொல்ல வற்புறுத்துவதும் சொல்லவிடாது தடுப்பதும் ஒரே விளைவைத் தருகின்றன. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா காண்போர், கேட்போரின் பொறுப்பை ஆராய இன்றும் கருவியாகப் பயன்படும். தமிழில் எழுதப்பட்டுள்ள இடப்பெயர்வு இலக்கியம் அனைத்தையும் இந்நோக்கில் மீள வாசிக்க இடமுண்டு. அவ்வாசிப்பில் பாத்திரம் என்ன துன்புற்றது என்னும் வினாவோடு, அதனிடம் யார் கேட்டனர், எவ்வளவு நேரம் கேட்டனர் என்னும் வினாவும் இடம்பெறுதல் வேண்டும்.