உருவமும் எழுத்தும்

வரி செலுத்துவது முறையா என்று தம்மைச் சோதித்தவர்களிடம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று வினவினார். அவ்வினாவை அரசுக்கும் சமயத்துக்கும் இடையேயுள்ள எல்லையைப் பற்றியதாகவே நாம் பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறோம். ஆயினும் அது கலைத் திறனாய்வுக்குரிய வினாவும் ஆகும். உலோகத்தில் பொறித்த ஒரு முகத்தைக் காணும்போது இரண்டைத் தனித்தனியே நோக்க வேண்டும். உருவம் ஒரு மனிதனைக் காட்டுகிறது. எழுத்து அவன் வகித்த பதவியைச் சொல்கிறது. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றையே உரைப்பதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு, 16 முதல் 18 ஆம் நூற்றாண்டு வரையிலான இங்கிலாந்தின் பிரபுக்களையும் அரசவையினரையும் அமைச்சர்களையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட உருவப்படங்களை இங்கே நோக்க முற்படுகிறோம். கம்மாபுரத்தில் அமர்ந்து எழுதும் நமக்கு அந்தப் பிரபுக்களோடு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். அவர்கள் மரபில் வந்தோரே பின்னர் நம்மை ஆண்டனர் என்பது ஒரு விடை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், அம்மரபின் மன்னர்களும் ஆளுநர்களும் வண்ண ஓவியங்களாக இன்றும் நம்மை நோக்கி நிற்கின்றனர். இதனினும் நெருங்கிய விடை நம் வட்டாரத்திலேயே உண்டு.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் பொம்மை செய்வோரைக் கண்டவர்கள் அறிவார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரெனப் படியும். எஞ்சிய குழம்பை வடித்துவிட்டுப் பொம்மையை எடுப்பர். ஓர் அச்சு பல முகங்களைத் தரும். ஆனால் வார்க்க வார்க்க அச்சின் நுட்பம் தேயும். மூக்கின் கூர்மையும் இமையின் வளைவும் மழுங்கும்.

செப்புத் தகட்டின் கதையும் இதுவே. செதுக்குபவர் கூருளியால் தகட்டில் கோடுகளை அகழ்கிறார். கன்னத்தின் நிழலுக்கு நெருங்கிய கோடுகள், நெற்றியின் ஒளிக்கு அருகிய கோடுகள். பின்னர்த் தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், பள்ளங்களில் தங்கிய மை தாளில் ஏறுகிறது. தகட்டிலுள்ள உருவம் தாளில் இடவலம் மாறி விழும். நூற்றுக்கணக்கில் அச்சிட்டபின் கோடுகள் தேயும். அவற்றை மீண்டும் அகழ்வர். அப்போது முகம் சிறிது மாறும். சட்டகமும் பெயரும் மட்டும் மாறுவதில்லை.

செம்பில் பொறிப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆனைமங்கலச் செப்பேடுகளில் சோழ மன்னரின் புகழும் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்கு அளித்த கொடையும் செதுக்கப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் காலந்தொட்டு மெய்க்கீர்த்தி கல்வெட்டுகளில் நிலைபெற்றது. நம் மன்னர்கள் செம்பில் விட்டுச் சென்றது எழுத்து, முகமன்று. வெற்றிகளும் பட்டங்களும் அங்கே உண்டு, ஆள் இல்லை. இங்கிலாந்தின் செதுக்குப் படங்களோ எழுத்தோடு முகத்தையும் சேர்த்துத் தந்தன. அதுவே அவற்றின் கவர்ச்சி. அவற்றின் ஆபத்தும் அதுவே.

1618 இல் ஆங்கில மன்னர்களின் உருவத்தொகுதி ஒன்று வெளிவந்தது. 1620 இல் ஹென்றி ஹாலண்டு வெளியிட்ட மற்றொரு தொகுதி அந்நாட்டின் புகழ்பெற்றோரை வரிசைப்படுத்தியது. அதற்குச் செதுக்கியவர்களுள் தெ பாஸ் குடும்பத்து உடன்பிறந்தோரான வில்லெமும் மக்தலேனாவும் இருந்தனர். பெண்கள் அரிதாகவே ஈடுபட்ட ஒரு தொழிலில் மக்தலேனாவின் கை துலங்கியது போற்றத்தக்கது. இத்தகைய படங்களில் ஒரு பொது இலக்கணம் காணப்படும். நீள்வட்டச் சட்டகம், அதைச் சுற்றிப் பெயரும் பட்டமும், ஒரு மூலையில் குலச்சின்னம், அடியில் இலத்தீனில் புகழ்ப்பாட்டு. கழுத்தைச் சூழ்ந்த மடிப்புப் பட்டையையும் மார்புக் கவசத்தையும் மயிரிழை தவறாமல் செதுக்கிய கை, கண்களுக்கு வரும்போது பல வேளைகளில் வழக்கமான வடிவத்தோடு நின்றுவிடுகிறது. ஆடை பேசுகிறது, முகம் வாய்மூடி இருக்கிறது.

இதன் உச்ச எடுத்துக்காட்டு பியர் லொம்பார் என்பவரின் தகடு. வான் டைக் தீட்டிய முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைமேல் உருவத்தைத் தழுவி அவர் ஒரு பெருந்தகட்டைச் செதுக்கினார். அம்மன்னர் 1649 இல் தலை வெட்டப்பட்டவர். அவரை வீழ்த்தி ஆட்சிக்கு வந்தவர் ஆலிவர் குரோம்வெல். அதே குதிரை, அதே கவசம், அருகே அதே பணியாள். ஆனால் ஒரு பிரதியில் குரோம்வெல்லின் தலை, இன்னொன்றில் சார்லஸின் தலை, மற்றொன்றில் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் தலை. தலை சுரண்டி எடுக்கப்பட்ட நிலையில் அச்சான பிரதிகளும் உள்ளன. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே உடலை மாறிமாறி அணிந்தனர். அதிகாரத்தின் உருவப்படம் யாது என்பதை இத்தகட்டினும் தெளிவாக உரைத்த நூல் உண்டா? அங்கே நிலையானது இருக்கை; முகம் வெறும் வாடகைக் குடி.

18 ஆம் நூற்றாண்டில் இப்படங்களைத் திரட்டும் வேட்கை பெருகியது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஹவ்பிராக்கன், இங்கிலாந்தின் பெருமக்களைச் செதுக்கும் பெரும்பணியை ஏற்றார். 1743 முதல் அவை தொகுதியாக வெளிவந்தன. அவருடைய கோடுகளின் நயத்தை மறுப்பாரில்லை. ஆயினும், தமக்கு அனுப்பப்பட்ட எதையும் உண்மையான சாயலா என்று ஆராயாமல் அவர் செதுக்கினார் என ஹொரேஸ் வால்போல் குறைகூறினார். அழகிய பொய் அழகற்ற உண்மையை விற்பனையில் வென்றது.

1769 இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்னும் ஆங்கிலிக்கன் குரு, உருவப்படங்களின் வழியே நாட்டு வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்றை வெளியிட்டார். மாந்தரை அவர் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பில் அரச குடும்பம், அடுத்து அரசின் உயர் அலுவலர்; பன்னிரண்டாம் வகுப்பில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியால் மட்டும் பெயர்பெற்ற எளியோர். நூல் வெளியானபின், அதில் ஒட்டுவதற்காகப் பழைய நூல்களிலிருந்து படங்களை வெட்டியெடுக்கும் பழக்கம் செல்வரிடையே பரவியது. நல்ல நூல்கள் பல சிதைந்தன. முகங்களைத் தரவரிசையில் அடுக்கும் ஆசை, அம்முகங்கள் பிறந்த இடத்தையே அழித்தது. கடைசியானோர் முதன்மையாவர் என்னும் நற்செய்தியைப் போதித்த ஒரு குருவின் நூலிலும் பன்னிரண்டாம் வகுப்பு பன்னிரண்டாம் வகுப்பாகவே இருந்தது என்பதை வருத்தத்தோடு குறிக்கிறோம்.

இத்தகைய ஆங்கில முகங்கள் நம் நாட்டுக்கு வந்தபோது நிகழ்ந்ததையும் காண்போம். மன்னர் முதலாம் ஜேம்ஸின் தூதராகச் சர் தாமஸ் ரோ 1615 இல் சூரத்தில் இறங்கி, ஜஹாங்கீரின் அவையை அடைந்து, 1619 வரை இந்தியாவில் இருந்தார். அவரிடமிருந்த ஒரு நுண்ணோவியத்தை முகலாய ஓவியர்கள் படியெடுத்தனர். படிகளையும் மூலத்தையும் ஒன்றாக வைத்துக் காட்டியபோது மூலம் எது என்று கண்டறியத் தாம் சற்றுத் தடுமாறியதை ரோவே குறித்து வைத்துள்ளார். பிச்சித்திர் என்னும் ஓவியர் இன்னும் மேலே சென்றார். மணல் கடிகாரத்தின்மேல் அமர்ந்த ஜஹாங்கீர் ஒரு சூஃபிப் பெரியவருக்கு நூல் ஒன்றை வழங்கும் காட்சியை அவர் தீட்டினார். பெரியவருக்குக் கீழே துருக்கியச் சுல்தான். அவருக்கும் கீழே ஆங்கில மன்னர் ஜேம்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த உருவப்படத்தில் இருந்தபடியே. எல்லாருக்கும் கீழே, கையில் சிறு படமேந்திய ஓவியர்.

பெருமை பரப்ப அனுப்பிய முகம், இறையடியாரின் காலடி வரிசையில் வைக்கப்பட்டது. பிச்சித்திர் தம் அரசரைப் புகழவே இதைத் தீட்டினார் என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும் மணல் ஒழுகும் கடிகாரத்தின்மேல் அவரை அமர்த்தியபோது, எந்த அரியணையும் காலத்தின்மேல்தான் நிற்கிறது என்னும் உண்மையை அவர் கை எழுதிவிட்டது. எழுத்தும் பட்டமும் நீங்கிய ஓர் உருவம் எவ்வளவு சிறியது என்பதை ஜேம்ஸின் முகத்தில் அங்கே காண்கிறோம்.

செதுக்குக் கலை முழுவதும் பொய் என்பது நம் கருத்தன்று. ஹான்ஸ் ஹோல்பைன் 1527 இல் தீட்டிய புனித தாமஸ் மூரின் ஓவியம் நியூயார்க்கின் பிரிக் கலைக்கூடத்தில் உள்ளது. தோளில் அரச பணியின் பொற்சங்கிலி. ஆனால் நம் கண் நிற்பது சரியாக மழிக்கப்படாத தாடையிலும், தொலைவை நோக்கும் களைத்த விழிகளிலும். ஹோல்பைன் அவரை நேரில் கண்டு வரைந்த சித்திரங்களும் எஞ்சியுள்ளன. அவ்வோவியருடைய சித்திரங்களைப் பார்த்தொலொட்சி செதுக்க, அவை 1792 முதல் 1800 வரை வெளிவந்தன. கோடுகளை விடுத்துப் புள்ளிகளால் செதுக்கியதால், சுண்ணக்கோலின் மென்மை தாளில் ஓரளவு தங்கியது. குலச்சின்னமும் புகழ்ப்பாட்டும் இன்றியே ஒரு மனிதர் நம்முன் வருகிறார். 1532 இல் தலைமை அமைச்சர் பதவியைத் துறந்து, 1535 சூலை 6 அன்று மனச்சான்றுக்காகத் தலை கொடுத்தவர். 1935 இல் புனிதராக உயர்த்தப்பட்டு, 2000 இல் அரசியலாளரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர். பதவியின் எழுத்து நீங்கியபின்னும் முகம் நிற்கக்கூடும் என்பதற்கு அவர் சான்று.

இக்கட்டுரையின் மையத்துக்கு இப்போது வருகிறோம். வென்சஸ்லாஸ் ஹோலர் என்னும் பிராக் நகரத்துக் கலைஞரை 1636 இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தவர் அரண்டல் பிரபு தாமஸ் ஹோவர்டு. ஓவியங்களையும் சிலைகளையும் திரட்டியதில் அந்நாட்டில் அவருக்கு நிகரானோர் சிலரே. அவருடைய உருவத்தை ஹோலர் செப்பில் பொறித்தார். பிரபு அணிந்த மாண்பு அனைத்தும் அதில் ஒளிர்கிறது. இவர் தம் தந்தையின் கத்தோலிக்க விசுவாசத்தைக் கைவிட்டு அரச சமயத்தில் சேர்ந்தவர்.

அந்தத் தந்தைதான் புனித பிலிப் ஹோவர்டு. முதலாம் எலிசபெத்தின் அவையில் களித்திருந்த இளம் பிரபு. மனம் திரும்பிக் கத்தோலிக்கரானார். 1585 இல் சிறைப்பட்டு, பத்தாண்டுகளுக்குப் பின் 1595 இல் இலண்டன் கோட்டையிலேயே இறந்தார். சிறைப்பட்ட பின்னரே மகன் பிறந்தான். அவன் முகத்தைத் தந்தை ஒருமுறையும் கண்டதில்லை. அரச சமயத்தின் வழிபாட்டில் கலந்துகொண்டால் குடும்பத்தைக் காணலாம் என்ற நிலையிலும் அவர் இசையவில்லை. அவரும் ஒரு செதுக்கு வேலையை விட்டுச் சென்றார். கோட்டையின் பூச்சாம்ப் கோபுரச் சுவரில், இவ்வுலகில் கிறிஸ்துவுக்காக எவ்வளவு துன்பமோ அவ்வளவு மாட்சி மறுமையில் அவரோடு என்னும் பொருள்பட இலத்தீனில் வெட்டி, தம் பெயரையும் 1587 சூன் 22 என்னும் நாளையும் பொறித்தார். அது புனித ஜான் பிஷர் 1535 இல் தலை வெட்டப்பட்ட அதே நாள்.

மகனின் செப்புத் தகட்டில் உருவமும் உண்டு, எழுத்தும் உண்டு. தந்தையின் கல்லில் எழுத்து மட்டுமே. ஆயினும் அதில் நாம் ஒரு முகத்தைக் காண்கிறோம். கலைத்தரத்தால் ஹோலரின் படமே உயர்ந்தது. கலையை அளக்கும் கோல் ஒன்று, மனிதரை அளக்கும் கோல் மற்றொன்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் கோணலான அந்தச் சிறை எழுத்தில், செதுக்கியவரும் செதுக்கப்பட்டவரும் ஒருவரே. அங்கே உருவமும் எழுத்தும் பிரியவில்லை.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. தெருமுனையில் உயரும் பதாகைகளில் தலைவர்களின் உடல்மேல் முகங்கள் மாறுவதை நாம் காண்கிறோம். நம் பங்குகளின் விழா மலர்களைப் புரட்டினால், பதவி வரிசைப்படி முகங்கள், அடியில் பட்டங்கள், கடைசிப் பக்கத்தில் ஊர்மக்கள். ஆலய அடிக்கல்லிலும் மின்விசிறியின் இறகிலும் கொடையாளர் பெயர். கிரேஞ்சரின் பன்னிரண்டு வகுப்புகளை வாசித்தறியாமலே நாம் அவற்றைப் பின்பற்றி வருகிறோம். ஆலயம் கட்டச் செங்கல் சுமந்த பெண்ணின் முகம் எந்த மலரிலும் இல்லை.

நாணயத்தில் இருந்தது சீசரின் உருவம். ஆதலால் அது சீசருக்குரியது. மனிதனில் பொறித்திருப்பதோ கடவுளின் சாயல் என்று தொடக்கநூல் கற்பிக்கிறது. அந்த அச்சு தேய்வதில்லை. அதன் பிரதிகளில் முதல் வகுப்பும் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை. ஒரு படத்தைச் சுவரில் மாட்டும்போதும், ஒரு பெயரைக் கல்லில் வெட்டும்போதும், சட்டகத்தையும் பட்டத்தையும் நீக்கிய பின் அங்கே எஞ்சுவது யார் என்று கேட்கும் துணிவு பொதுநிலையினராகிய நமக்கு வேண்டும். அவ்வாறு கேட்கத் தெரிந்த கண்ணுக்கு, அடுத்த விழா மலரின் முதல் பக்கத்தில் யாருடைய முகம் இடம்பெற வேண்டும் என்பதும் தெரியும்.