வேடமும் வரலாறும்
(கென்ற் மொங்க்மனின் கலைபற்றிச் சில குறிப்புகள்)

கூத்துக்களரியிலே பெண் பாத்திரமேற்று ஆடும் ஆடவரை விடிய விடியக் கண்டு களித்த சமுதாயம் நமது. ஆயினும் அதே வேடம் களரியைவிட்டிறங்கி, 'இது பாத்திரமன்று, நானே' என்று சொல்லுமாயின் முகஞ்சுளிக்கிறோம். முற்போக்காளர் எனப்படுவோரும் இதற்கு விலக்கல்லர். கனடாவின் கிறீ இனக் கலைஞரான கென்ற் மொங்க்மனைப்பற்றி நண்பர் சிலரோடு பேச நேர்ந்தபோது, 'முதலாளித்துவச் சீரழிவின் இன்னொரு கோலம்' என்ற ஒற்றை வாக்கியமே நமக்கு விடையாகக் கிடைத்தது. அவ்விடை தவறானது என்பது நமது துணிபு.

மொங்க்மன் 1965ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்து, வின்னிபெக் நகரில் வளர்ந்தவர். ஃபிஷர் ரிவர் கிறீ மக்களைச் சேர்ந்தவர். சித்திரம் பயின்று, நாடகங்களுக்கு அரங்கும் உடையும் அமைத்து, பின்னர் கிறீ எழுத்துருக்களைக் கொண்டு அருவ ஓவியங்கள் தீட்டினார். அவை தாம் கருதியதை மக்களுக்கு உணர்த்தவில்லையெனக் கண்டபோது அம்முறையைக் கைவிட்டார். (நமது புதுக்கவிஞர் சிலர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பது நன்று.) பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியரின் பெருங்காட்சி ஓவிய முறையையே அவர் கையிலெடுத்தார். எந்தத் தூரிகை தம் மக்களை 'அழிந்துபோகும் இனம்' என்று வரைந்ததோ, அதே தூரிகை அவருக்கு வேண்டியிருந்தது.

அத்தூரிகை செய்ததற்கு ஓர் உதாரணம் போதும். 1830களில் அமெரிக்க ஓவியர் ஜோர்ஜ் கற்லின் பழங்குடி மக்களிடையே சுற்றித் திரிந்து, அவர்தம் வழக்கங்கள் மறையுமுன் பதிவுசெய்வதே தமது பணி என்றார். ஆனால், பெண்ணுடை தரித்து வாழ்ந்த ஒருவரைச் சூழ்ந்து ஆடவர் ஆடும் சடங்கொன்றைக் கண்டபோது, இது மேலும் பதிவாகுமுன்னரே ஒழிந்துவிட வேண்டுமென எழுதிவைத்தார். அனைத்தையும் காப்பாற்ற வந்தவர் அழிய விரும்பியது இவ்வொன்றை. அவர் விரும்பியதைப் பின்னர் அரசும் திருச்சபையும் நிறைவேற்ற முயன்றன. 1884இல் கனடா அரசு பழங்குடியினரின் சடங்குகள் சிலவற்றைக் குற்றமாக்கியது. அத்தடை 1951இலேயே சட்டநூலிலிருந்து நீங்கிற்று. இதே பேரரசு 1883இல் இலங்கைக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவை அறிந்தோர்க்கு இவ்வுறவு விளங்கும்.

அழியவில்லை என்பதற்குச் சாட்சியாக, 1990ஆம் ஆண்டு வின்னிபெக் அருகே கூடிய பழங்குடியினர் தமக்கெனப் புதுப் பெயரொன்றைத் தெரிந்துகொண்டனர். ஆணாவியும் பெண்ணாவியும் ஒருங்கே கொண்டோர் என்னும் கருத்துடைய அப்பெயரை நாம் 'ஈராவியர்' எனலாம். மொங்க்மன் படைத்து, தாமே வேடமிட்டு ஆடிவரும் 'மிஸ் சீஃப் ஈகிள் ரெஸ்ரிக்கிள்' அத்தகைய ஓர் ஈராவி. அப்பெயரை வேகமாக உச்சரித்தால் 'குறும்பு', 'தற்பெருமை' என்னும் கருத்துள்ள ஆங்கிலச் சொற்கள் காதில் விழும். உயர்ந்த குதிக்காலணியும் நீண்ட இறகுமுடியுமாக அவள் தோன்றும் கோலத்துக்கு, பாடகி ஷெர் 1973இல் அணிந்த போலிப் பழங்குடி உடை தூண்டுதலாயிற்று. வெள்ளையர் புனைந்த பொய்யையே உடையாக்கி அணிந்துகொண்டு, அப்பொய்யைப் புனைந்தவர்முன் அவள் நடைபயில்கிறாள்.

2004ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் மக்மைக்கல் ஓவியக்கூடத்தில் அவள் குதிரையேறி வந்தாள். அக்கூடம் 'எழுவர் குழு' என்னும் கனடிய ஓவியரின் கோயில். அவ்வெழுவரின் நிலக்காட்சிகளில் ஏரியுண்டு, பாறையுண்டு, பைன் மரமுண்டு. அந்நிலத்தில் வாழ்ந்த மக்களைக் காண்பது அரிது. மிஸ் சீஃப் அங்கே வெள்ளை ஆடவர் இருவருக்கு மது வார்த்து, அவர்களை 'அசல் ஐரோப்பிய'ராக உடுத்தி, மாதிரியாக நிறுத்தி வரைந்தாள். கற்லின் போன்றோர் பழங்குடியினரைப்பற்றி எழுதிய குறிப்புகளின் தொனி அப்படியே திருப்பப்பட்டது. நகைச்சுவைதான், ஆனால் யார் யாரைப் பார்ப்பது, யார் யாரை எழுதுவது என்னும் அதிகார உறவே அந்நகையின் இலக்கு. 2016இல் வந்த 'தந்தையர்' ஓவியத்திலும் இதுவே நிகழ்கிறது. கனடாக் கூட்டாட்சியை உருவாக்கிய கனவான்கள் கூடியிருக்க, அவர்கள் முன்னே ஹட்சன் விரிகுடாக் கம்பனியின் கம்பளிமீது அவள் நிர்வாணமாக அமர்ந்திருக்கிறாள். தம்மோடு கலந்துபேசாமலே தம் நிலத்தைப்பற்றி முடிவெடுத்தோரிடம் ஒரு மக்களினம் வந்து அமர்ந்த கோலம் அது.

ஆயினும் மொங்க்மனின் மிகச் சிறந்த ஓவியத்தில் மிஸ் சீஃப் இல்லை. 2017இல், கூட்டாட்சியின் 150ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு எதிர்க்குரலாக, ரொறன்ரோவில் அவர் அமைத்த கண்காட்சி அவளது வாய்மொழியாகவே கூறப்பட்டது. அதில் 'அலறல்' என்னும் ஓவியம் வரும்போது கதைசொல்லியின் நா எழவில்லை. செவ்வுடைப் பொலிசாரும் பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும் தாய்மாரின் கைகளிலிருந்து பிள்ளைகளைப் பறிக்கின்றனர். ஒரு தாய் பாய்ந்து தடுக்கிறாள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இவ்வாறான விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர் என்பது 2015ஆம் ஆண்டு உண்மை ஆணைக்குழு கூறிய கணக்கு. அக்கண்காட்சியை மொங்க்மன் தம் பாட்டிக்குக் காணிக்கையாக்கினார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்வோவியத்தின்முன் தனியானதொரு கூச்சமும் உண்டு. அப்பிள்ளைகளைக் கொண்டுபோவது பள்ளிக்கூடத்துக்குத்தான்.

எங்கே வேடம் விலகி நிற்கவேண்டும் என்பதை இவ்வளவு நுண்மையாக உணர்ந்த கலைஞர், 2020இல் அதை மறந்தார். அவ்வாண்டு வெளியிட்ட ஓவியமொன்றில், அப்போதைய பிரதமர் ரூடோ உடைகலைந்து மண்டியிட்டிருக்க, மிஸ் சீஃப் அவர்பின்னே நிற்கிறாள். சூழ நிற்கும் பழங்குடிப் பெண்கள் சிரிக்கின்றனர். காணாமற்போன, கொலையுண்ட பழங்குடிப் பெண்கள்பற்றிய தேசிய விசாரணையின் அறிக்கை வெளிவந்து ஓராண்டும் ஆகியிருக்கவில்லை. பாலியல் வன்முறையைச் சிரிப்பாக்கும் உரிமை யாருக்குமில்லையெனக் கண்டித்தோரில் பழங்குடியினர் பலர் இருந்தனர். இசைவைக் காட்டவென்று தாம் வரைந்த குறிகள் போதியளவு தெளிவாக இல்லையென ஒப்பி, மொங்க்மன் மன்னிப்புக் கோரினார். குறிகள் தெளிவாக இருந்திருப்பினும் தவறு தவறே என்பது நமது எண்ணம். அதிகாரத்தைத் தலைகீழாக்குவது வேறு. அதிகாரத்தின் ஆயுதத்தையே கையிலெடுத்து மகிழ்வது வேறு.

2019 டிசெம்பரில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை, தன் முன்மண்டபத்தில் அவரது பேரோவியங்கள் இரண்டை மாட்டியது. அடுத்த ஆண்டு அவற்றை விலைகொடுத்து வாங்கியும்கொண்டது. செல்வர் மாளிகை வாங்கிய கலகம் கலகமாகுமா என நண்பர் மீண்டும் வினவக்கூடும். நியாயமான வினாவே, உதவியாளர் பலரைக்கொண்டு இயங்கும் அவரது பட்டறையைக் குறித்தும் வினா எழுப்பலாம். ஆனால் அவற்றுள் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப்போரில் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டனை லொயிற்ஸ 1851இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் அதே நூதனசாலையில் உண்டு. அந்தப் படகையே மொங்க்மன் மறுபடி வரைந்திருக்கிறார். தளபதி நின்ற இடத்தில் கழுகிறகேந்தி மிஸ் சீஃப் நிற்கிறாள். தொலைவில் ஒரு பாறையில் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் ஒதுங்கி நிற்கின்றனர். படகில் இருப்போர், நீரில் தத்தளிப்போரைக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருக்கின்றனர்.