தோளில் சேரும் கோடு

பாரிஸ் ஷார்வே கடையின் கோடு போட்ட சட்டை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது தோளைத்தான். கைமேல் ஏறிவரும் கோடு, தையலைத் தாண்டித் தோள்துண்டிலும் அதே கோடாகத் தொடர வேண்டும். ஓர் இழை விலகினாலும் கண்ணை உறுத்தும். காலரைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தோள் போதும்.

லண்டன் ஜெர்மின் தெருச் சட்டைகளின் ரசிகர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். தோள்துண்டை நடுமுதுகில் பிரித்துத் தைத்தால்தான் ஏறியிறங்கிய தோள்களுக்குச் சரியாக உட்காரும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே கோடுகள் கூரை முகடுபோல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஷார்வே அதை ஒரே துண்டாக, தோளின் வளைவுக்கு இசைய வெட்டுகிறது. நேப்பிள்ஸ் கைத்தையலின் தோள்சுருக்கத்தில் மயங்குகிறவர்களும் உண்டு. மயங்கட்டும்.

இந்தப் பிடிவாதம் பிழைத்ததே பெரிய கதை. கிறிஸ்தோஃப் ஷார்வே 1838-இல் பாரிஸில் கடை வைத்தபோது, துணியை நாமே வாங்கித் தைக்கக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். துணி, அளவு, தையல் மூன்றையும் அவர் ஒரே கடைக்குள் கொண்டுவந்தார். 1965-இல் வாரிசுகள் விற்க முனைந்தார்கள். அமெரிக்கர் ஒருவர் வாங்க வந்தார். பிரான்ஸின் ஜனாதிபதி டெ கோல் அங்கே வாடிக்கையாளர். அரசு பதறி, கடைக்குத் துணி கொடுத்துவந்த தெனி கோல்பானிடம் பிரெஞ்சுக்காரர் யாரையாவது பிடிக்கச் சொன்னது. அவர் தானே வாங்கிவிட்டார். கேட்டதை மட்டும் எடுத்துக் காட்டிய கடையில் துணியையெல்லாம் பார்வைக்குப் பரப்பியவரும் அவர்தான். வெள்ளையில் மட்டும் அங்கே 400 துணிகள் என்பார்கள். இன்று பிளாஸ் வாந்தோம் 28-ஆம் எண்ணில் கடையை நடத்துவது அவருடைய மகள் ஆன்-மாரியும் மகன் ஜான்-குளோடும். துணியைத் தொட்டு வளர்ந்த குடும்பத்துக்குத்தான் கோடு பொருத்த வீணாகும் துணி நஷ்டமாகத் தெரியாது.

நம் ஊர் டெய்லர்களும் ஒரு காலத்தில் பையின் கோட்டை நெஞ்சுக் கோட்டோடு சேர்த்துத்தான் தைத்தார்கள். இப்போது விலையுயர்ந்த ரெடிமேடில்கூடப் பை ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்.

அடுத்த முறை கோட்டுத் துணி தைக்கக் கொடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். தோளில் கோடு சேராவிட்டால் சட்டையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கட்டிங் மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.